அம்மாவின் பதிலை நான் சொன்னேன்

அம்மாவின் நாக்கில் ஒரு பகுதியை எடுத்தார்கள். கழுத்தின் இடப்பக்கத்தில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் சேர்த்தே எடுத்தார்கள். குமர்ப்பிள்ளையாக வயலுக்குப் போன காலந்தொட்டு வெற்றிலை போட்டவர் அவர். மட்டக்களப்பில் எங்கள் படுவான்கரைப் பக்கத்தில் வந்தவருக்கு வெற்றிலை வட்டாவை நீட்டாத வீடு குறைவு. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்று; பெண்களையும் அது விடுவதில்லை. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது. எங்கள் வளவுக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை. சத்திரசிகிச்சைக்குப் பிறகு நடந்ததற்கு நான்தான் பொறுப்பு.

நாக்கு குறைந்தால் ர, ல, ட எல்லாம் குழையும். ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்க அம்மா பாடுபட்டார். இடையில் எச்சில் வழியும். துடைத்துவிட்டு முதலில் இருந்து தொடங்குவார். நான் பொறுத்திருக்கவில்லை. "தண்ணியா? தலகணியா?" என்று அவர் வசனத்தை நானே முடித்தேன். சுகம் விசாரிக்க வந்த சனத்துக்கும் நானே பதில் சொன்னேன். அவரைக் கஷ்டப்படுத்தாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் குரலை மற்றவர்கள் கேட்பது எனக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற தாயின் குரலுக்கு வெட்கப்பட்டேன்.

கிளினிக் தூரம் என்று சாட்டுச் சொல்லவும் வழியில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு, வாவியைக் கடக்கப் பாதைப் படகுக்குக் காத்து நிற்கும் காலம் போய்விட்டது. கிளினிக்குக்கு நேரத்துக்கே போனோம். டொக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்: "எங்கயாவது நோ இருக்கா அம்மா?" அம்மா வாயெடுக்குமுன் நான் சொன்னேன்: "இல்ல டொக்டர், நல்லா இருக்கா." அம்மா என்னைப் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே காத்திருந்த வரிசை நீளம். எனக்கு வீடு போய்ச் சேரும் அவசரம்.

கழுத்துக் கணுக்களை எடுக்கும்போது தோளைத் தூக்கும் நரம்பு பாதிக்கப்படுவதுண்டு. கை மேலே போகாது. தோள் விடாமல் கடுக்கும். நேரத்தோடு பயிற்சி தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். விட்டால் மூட்டு இறுகிப் போகும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

ஒருநாள் காலை அம்மா கொண்டை போட முயன்றுகொண்டிருந்தார். இடது கை நெஞ்சுக்கு மேலே எழவில்லை. வலது கையால் இடது முழங்கையைத் தாங்கித் தூக்கினார். தூக்கிய கையை விட்டுவிட்டு முடியைப் பிடித்தால், இடது கை பொத்தென்று விழுந்தது. திரும்பவும் தூக்கினார்.

"எப்ப இருந்து இப்பிடி?" என்று கேட்டேன். அவர் குழறிச் சொன்னதை அன்றுதான் முழுதாகக் கேட்டேன்.

"வெட்டின நாள்ல இருந்து மனே. நீ எங்க சொல்ல விட்டாய்?"

தோள் பயிற்சி அதன் பிறகே தொடங்கியது. பேச்சுக்கும் அதே கதிதான். எவ்வளவு பேசுகிறாரோ அவ்வளவு நல்லது என்று பேச்சுச் சிகிச்சையாளர் சொல்லியிருந்தார். அந்தப் பயிற்சியையும் நான்தான் பறித்தேன். இன்று அம்மாவின் கை தோள் மட்டத்துக்கு வருகிறது. அதற்கு மேலே போவதில்லை. கொண்டையை நான் போட்டுவிடுகிறேன்.

தாயையோ தகப்பனையோ கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் பிள்ளைகளே, டொக்டரின் கேள்விக்கு அவர்களே பதில் சொல்லட்டும். வாய் வராவிட்டால் கையில் கொப்பியும் பேனையும் கொடுங்கள். பின்னால் நிற்பவர்கள் முகம் சுளித்தாலும் பெற்றவர்கள் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள்.