பெரியப்பா வண்டிக்கு டீசல் எஞ்சின்

எண்பதுகளில் மரக்காணத்தில் கார் நின்ற வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் பெரியப்பா வீடும் ஒன்று. மார்க் 2 அம்பாசிடர், வெள்ளை நிறம். உப்பளத்துக்குக் கூலிப் பணம் கொண்டுபோவது, திண்டிவனத்தில் வியாபாரிகளைப் பார்ப்பது, ஊரில் யாருக்காவது இடுப்புவலி கண்டால் நடுராத்திரியில் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை. டீசல் அப்போது பெட்ரோலில் ஏறக்குறையப் பாதி விலை. பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கிற ஆயில் எஞ்சினுக்கென்று பீப்பாயில் டீசல் எப்படியும் வந்து இறங்கும். "வண்டியும் அதையே குடிக்கட்டும்" என்று பெரியப்பா ஒருநாள் சாப்பாட்டின் நடுவில் சொன்னார். பெரியம்மா பதில் பேசவில்லை. எனக்கோ அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

எஞ்சின் மாற்றுவது அந்தக் காலத்தில் புதுமை இல்லை. லாரியிலிருந்த அமெரிக்க பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, சென்னை செம்பியத்தில் சிம்சன் கம்பெனி செய்த பெர்கின்ஸ் டீசலை மாட்டுவது முந்தைய தலைமுறை மெக்கானிக்குகளுக்கே பழகிப்போன வேலை. கார்களுக்கும் பெர்கின்ஸ், மெட்டடார் என்று கிடைத்ததை ஏற்றினார்கள். அம்பாசிடருக்கு இன்னொரு வசதி இருந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசைதான் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கையில் அம்பாசிடரானது. அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினின் வம்சத்திலேயே ஒரு டீசல் எஞ்சினை பி.எம்.சி. கம்பெனி உருவாக்கியிருந்தது. அளவும் அதே 1489 சி.சி. அதைப் பொருத்தி டீசல் அம்பாசிடர் சாலைக்கு வந்ததும் மெக்கானிக்குகளுக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. விபத்தில் நொறுங்கிய ஒரு டாக்சியிலிருந்து அப்படி ஒரு எஞ்சின் பெரியப்பாவுக்குக் கிடைத்தது.

வேலை செய்தவர் உப்பளத்து ஆயில் எஞ்சின்களைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக். ஊருக்கே அவர் பாய்தான். பெரியப்பா வீட்டுப் பின்புறம், புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார்கள்.

"எஞ்சின் தாங்குமா பாய்?"

"எஞ்சின் தாங்கும் மொதலாளி. பாடி தாங்குமான்னு முதல்ல பாக்கணும்."

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. அம்பாசிடருக்கு லாரியைப்போலத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. உடம்பே சேஸிஸ். எஞ்சினின் பாரம் முழுவதும் முன்பக்கத்து இரண்டு மெம்பர்களில்தான் இறங்குகிறது. டீசல் எஞ்சினோ பெட்ரோலைவிடக் கனமானது. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு. உப்பளத்து வரப்பில் ஓடும் வண்டிக்கு அடியிலும் உப்புச் சேறு. பாய் மல்லாந்து படுத்து, சின்னச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். 'டங்' என்று கேட்டால் மேலே நகர்வார். 'டொப்' என்று கேட்ட இடத்தில் சாக்பீஸால் வட்டம். வட்டத்துக்குள் திருப்புளியை வைத்து அழுத்தினார். துரு பொலபொலவென்று அவர் மார்பில் கொட்டியது. அழுகிய தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து கேஸ் வெல்டிங் பிடித்த பிறகே எஞ்சினைத் தொட்டார். இப்படிப்பட்ட வேலையை ஒட்டுவேலை என்று சொல்பவர்களிடம் எனக்கு இன்றும் சமாதானம் இல்லை. எடை எங்கே இறங்கும், எது முதலில் தோற்கும் என்று கணக்குப் பார்த்துத் தொடங்குவதற்குப் பெயர் பொறியியல்தான்.

இரும்புக் குழாய் முக்காலியில் செயின் பிளாக் கட்டி பெட்ரோல் எஞ்சினைத் தூக்கினார்கள். "தம்பி, ஒன்பது பதினாறு ஸ்பானர் எடு" என்பார். ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பேன். டீசல் எஞ்சின் இறங்கியபோது எல்லோரும் மூச்சைப் பிடித்திருந்தோம். கியர் பாக்ஸ் தண்டு கிளட்ச் பிளேட்டின் பல்லில் நேராக உட்கார வேண்டும். ஒரு நூல் விலகினாலும் ஏறாது. பாய் அடித்து ஏற்றவில்லை. எஞ்சினை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தார். சட்டென்று தானாக உள்ளே போனது. முன்பக்கம் தாழ்ந்த உயரத்தை டார்ஷன் பாரை முறுக்கிச் சரிசெய்தார். பெரிய பேட்டரி, டீசல் திரும்பி வர ஒரு குழாய், எஞ்சினை அணைக்க டாஷ்போர்டில் ஓர் இழுகம்பி, இவையெல்லாம் மறுநாள் வேலை.

கிளப்புவதற்கு முன் ஏர் எடுக்க வேண்டும். டீசல் குழாயில் துளி காற்று இருந்தாலும் எஞ்சின் பிடிக்காது. ஃபில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்தி, கையால் ஃபீட் பம்ப்பை அடிக்கச் சொன்னார். முதலில் நுரை வந்தது, பிறகு குமிழி, கடைசியில் சுத்தமான டீசல். திருகை இறுக்கினார். பெட்ரோல் எஞ்சின் சேர்க்கையை ஏழெட்டில் ஒரு பங்காக அழுத்தினால் போதும், பிளக் தீ வைத்துவிடும். இந்த டீசலோ காற்றை இருபதில் ஒரு பங்குக்கும் கீழே நெருக்கி, அந்தச் சூட்டிலேயே பற்றவேண்டும். அதனால் ஹீட்டர் பிளக் பழுக்கும்வரை காத்திருந்தோம். பெரியப்பா செல்ஃப் அடித்தார். கரும்புகை எழுந்தது, புளியமரத்துக் காக்கைகள் கலைந்தன, உப்பளத்து எஞ்சினின் அதே கடகடப்பு எங்கள் வீட்டுக் கொல்லையில் கேட்டது. பெரியப்பா பாயின் கிரீஸ் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வேகம் குறைந்தது உண்மை. சுமார் 40 குதிரைத்திறன்தான். ஏற்றத்தில் திணறும், கண்ணாடி அதிரும். ஆனாலும் செலவு பாதியானது. பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி எஞ்சின் எண்ணையும் எரிபொருளையும் ஆர்.சி. புக்கில் ஏற்றினார் பெரியப்பா. அதில் அவர் கறார்.

இன்று இது இவ்வளவு சுலபமில்லை. தயாரித்த நிறுவனம் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சாலைப் பாதுகாப்பை நினைத்தால் அது நியாயமே. எல்லோரும் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு எஞ்சின் ஏற்றியவர்கள் அல்ல. அம்பாசிடர் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டது. உங்கள் ஊரில் எஞ்சின் மாற்றிய பழைய வண்டி ஏதாவது கொட்டகையில் நின்றால், எடைக்குப் போடும் முன் அதை மாட்டிய மெக்கானிக் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால், அவர் சொல்வதை எழுதி வையுங்கள்.