வீட்டின் மணம்

கொள்ளுப்பிட்டியில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், தொடர்மாடிக் கட்டிடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் நாம் குடியிருக்கின்றோம். முன்னறை யன்னலைத் திறந்தால் கீழே புகையிரதப் பாதை, அதற்கப்பால் கடல். காண்பவர் பொறாமை கொள்ளும் காட்சிதான். ஆனால் அந்தக் கடல் காட்சியை மட்டுமா தருகின்றது? உப்பையும் ஈரத்தையும் ஓயாமல் உள்ளே அனுப்புகின்றது. இரும்பு துருப்பிடிக்கின்றது, அலுமாரியில் மடித்து வைத்த துணி பூஞ்சணம் பூக்கின்றது. இக்கரையோர வீடுகளில் தூசு என்பது உலர்ந்த தூசன்று. தரையோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு பிசுபிசுப்பு. ஒரு நாள் கூட்டித் துடைக்காவிடின் மறுநாள் கால் சொல்லிவிடும்.

11 ஆண்டுகளாக அந்தத் தரையைக் கூட்டித் துடைத்தவர் ஒரு பெண். அட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் அறையில் பிறந்தவர். இப்போது கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் வாழ்பவர். காலையில் புறக்கோட்டையில் பஸ் மாறி, எட்டு மணிக்கெல்லாம் எமது வாசலில் நிற்பார். தும்புத்தடியால் கூட்டி, வாளியும் துணியுமாகத் துடைத்து, குசினியையும் குளியலறையையும் கழுவி, பகல் ஒரு மணிக்குத் திரும்புவார். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாள்களிலும், பஸ்கள் எரிபொருளின்றி நின்ற நாள்களிலும் அவர் வந்தார். சில நாள்களில் நடந்தே வந்தார். நாம் அவரை அக்கா என்று அழைத்தோம். அவர் எம்மை ஐயா என்றும் எம் துணைவியாரை அம்மா என்றும் அழைத்தார். அக்கா என்று அழைத்தோமேயன்றி, அவர் தேநீர் அருந்துவதற்குக் குசினியில் ஒரு தனிக் கோப்பை இருந்தது. அவர் அதனைக் குசினி வாசற்படியில் அமர்ந்தே அருந்துவார். கதிரையில் அமருமாறு நாம் ஒருநாளும் சொன்னதில்லை. அவ்வாறு சொல்லவேண்டும் என்று எமக்குத் தோன்றியதுமில்லை.

சென்ற ஆண்டு, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் ஒரு தானியங்கித் துப்புரவுப் பொறியைக் கொண்டுவந்தான். ஆமையை ஒத்த வட்ட உருவம். பொத்தானை அழுத்தினால் தானே புறப்பட்டு, சுவரில் முட்டித் திரும்பி, கட்டிலின் கீழும் புகுந்து, தூசை உறிஞ்சிச் செல்கின்றது. பின்னால் கட்டிய ஈரத் துணியால் தரையைத் துடைத்தும் விடுகின்றது. வேலை முடிந்ததும் தன் மின்னேற்றத் தளத்திற்குத் தானே திரும்பி உறங்குகின்றது. அயல் வீட்டுக் குழந்தைகள் வந்து கைதட்டினர். நாமும் குழந்தைகளாகவே மாறினோம்.

கைதட்டி முடிந்தபின் கணக்குப் பார்த்தோம். நடுத்தர வகுப்பாரின் இயல்பு அது. விலைவாசி ஏறியிருந்தது, ஓய்வூதியம் ஏறவில்லை. தரை தானாகவே துலங்கும்போது ஆறு நாள் கூலி எதற்கு? "அக்கா, இனிச் சனிக்கிழமை மட்டும் வந்து குளியலறையைக் கழுவினால் போதும்" என்று துணைவியார் சொன்னார். நாம் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தோம். "சரிங்கம்மா" என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை.

ஏழெட்டு மாதங்கள் எக்குறையுமின்றிச் சென்றன. அப்பால், தாயார் இறந்துவிட்டார் என்று அவர் மலைநாட்டுக்குப் போனார். ஒரு மாதம் வரவில்லை. அந்த மாதத்திலேதான் எமது வீட்டில் அந்த வாடை எழுந்தது.

முதலில் மெல்லியதாக இருந்தது. மழைக்காலத்தில் உலராத துவாய்போல. பின்பு புளித்தது. வெளியே சென்று திரும்பிக் கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது. கடலைக் குற்றம் சாட்டினோம். பேரே வாவியிலிருந்து காற்று வீசுகின்றது என்றோம். கீழ்வீட்டாரின் கழிவுநீர்க் குழாயை ஐயுற்றோம். ஊதுபத்தி ஏற்றினோம், சாம்பிராணி இட்டோம், கடையில் விற்கும் நறுமணத் தெளிப்பான்களை அறைக்கொன்றாக வைத்தோம். வாடையோடு மல்லிகையும் எலுமிச்சையும் கலந்து மூன்றாவதாக ஒரு வாடை பிறந்ததே கண்ட பலன். துணைவியார் கம்பளத்தின்மேல் அப்பச்சோடாவைத் தூவி, பொறியை அதன்மேல் ஓடவிட்டார். அந்த நுண்ணிய மாவு வடிகட்டியை அடைத்துக்கொள்ள, பொறி மூச்சுத் திணறி நடுவழியில் நின்றது.

ஒரு சனிக்கிழமை அவர் திரும்பி வந்தார். கையில் மலைநாட்டு யூக்கலிப்டஸ் தைலம் ஒரு சிறு போத்தல், எமக்காகக் கொண்டுவந்தது. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னங்கையா, வீடு இப்படி வாட அடிக்குது?"

பின்பு நேரே சென்று பொறியைக் கவிழ்த்தார். ஈரத் துணி கருத்து வழுவழுத்திருந்தது. தூசுப் பெட்டியைத் திறந்தார். மயிரும் சோற்றுப் பருக்கையும் ஈரத்தோடு திரண்டு கிடந்தன.

"இந்தத் துணிய ஒருத்தரும் அலசலயா? சனிக்கெழமை சனிக்கெழமை நாந்தானே சுடுதண்ணியில அலசி மொட்டமாடியில காயப் போடுவேன். பெட்டியையும் கழுவி வப்பேன். உங்களுக்குத் தெரியாதாங்கம்மா?"

எமக்குத் தெரியாது. மாதக்கணக்காக அவர் எம் கண்முன்னே செய்து வந்த வேலை எமக்குத் தெரியாது. குளியலறைக்கு மட்டுமே கூலி கொடுத்தோம்; பொறியைத் துப்புரவு செய்யும் வேலையை அவர் கேளாமலே செய்தார். அந்தப் பெருமை முழுவதையும் நாம் பொறிக்கே கொடுத்திருந்தோம்.

இனி, அந்த வாடையின் காரணத்தைச் சொல்லவேண்டும். இத்தகைய பொறிகள் இன்று கொழும்பில் பல வீடுகளில் ஓடுகின்றன; அறிந்திருத்தல் நன்று. பொறி தூசை மட்டும் உறிஞ்சுவதில்லை; காற்றோடு சேர்த்தே உறிஞ்சுகின்றது. தூசைப் பெட்டியில் நிறுத்திவிட்டு, காற்றை வடிகட்டியினூடாக மீண்டும் அறைக்குள்ளேயே விடுகின்றது. பெட்டிக்குள் அழுகும் பொருள் இருந்தால், வடிகட்டி துகளைத் தடுக்குமேயன்றி வாடையைத் தடுக்காது. பொறி வீடெங்கும் சென்று மூலைக்கு மூலை அதை ஊதி வைக்கும். ஈரத் துணியின் கதை வேறு. அரைகுறையாக உலர்ந்த துணியில் எழும் புளித்த வாடைக்கு மொராக்செல்லா என்னும் நுண்ணுயிர் முக்கிய காரணம் என ஜப்பானிய ஆய்வாளர் 2012இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. அது உலர்ந்த நிலையையும் ஓரளவு தாங்கி நிற்க வல்லது. ஆதலால் வெறுமனே உலர்த்துவது போதாது. வெந்நீரில் அலசிப் பின் வெயிலில் இடவேண்டும். அக்கா அந்த ஆய்வைப் படித்தவரல்லர். ஆனால் சுடுநீர், பின்பு வெயில் என்ற வரிசையை அவர் கை அறிந்திருந்தது.

இப்போது எமது வீட்டில் கடைப்பிடிக்கும் முறை இதுதான். பொறி ஓடி முடிந்ததும் துணியைக் கழற்றிச் சவர்க்காரமிட்டு வெந்நீரில் அலசி வெயிலில் இடுகின்றோம். மாற்றுத் துணிகள் இரண்டு கைவசம் உண்டு. நீர்த்தொட்டியில் எஞ்சிய நீரை அன்றன்றே கொட்டிவிட்டு, மூடியைத் திறந்து வைக்கின்றோம். தூசுப் பெட்டியை நாள்தோறும் வெறுமையாக்கி, வாரம் ஒருமுறை கழுவுகின்றோம். வடிகட்டியைத் தட்டித் தூசு நீக்குகின்றோம். கழுவத் தக்க வகையாயின் கழுவி ஒரு முழு நாள் உலர்த்திய பின்னரே பொருத்துகின்றோம். ஈர வடிகட்டியே வாடையின் விளைநிலம். உருளைத் தூரிகையில் சுற்றிய மயிரைக் கத்தரித்து எடுக்கின்றோம். சிந்திய சோற்றையும் கறியையும் பொறிக்கு விடாது கையாலேயே எடுத்துவிடுகின்றோம். வாசனைத் தைலத்தை நீர்த்தொட்டியில் ஊற்றுவதில்லை. எண்ணெய் நுண்குழாய்களை அடைத்துப் பிளாஸ்டிக்கையும் கெடுத்துவிடும். மணம் வேண்டுமாயின், பஞ்சில் இரண்டு துளி கறுவாத் தைலமோ யூக்கலிப்டஸ் தைலமோ இட்டு யன்னலோரம் வைத்தால் போதும். உலகின் மெய்யான கறுவாவில் பெரும்பகுதியை விளைவிக்கும் நாட்டில், செயற்கை மணத்தை டப்பாவில் வாங்கவேண்டிய தேவை என்ன? எல்லாவற்றுக்கும் முதலாக யன்னலைத் திறக்கவேண்டும். வாடையின் மேல் மணத்தைப் பூசுவது மணமாகாது. வாடையின் காரணம் நீங்கினால், அந்த இடத்தில் காற்றே மணக்கும்.

இத்தனை வேலைகளையும் எழுதி முடித்தபோதுதான் ஓர் உண்மை உறைத்தது. வீட்டைத் துப்புரவு செய்ய ஒரு பொறி. பொறியைத் துப்புரவு செய்ய ஒரு கை! உழைப்பு மறையவில்லை; இடம் மாறியிருக்கின்றது. அதுவும் எம் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்திற்கு.

ரோபோ என்ற சொல்லின் வரலாறும் இதையே சொல்கின்றது. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகம் ஒன்றின் வழியே அச்சொல் உலகிற்கு வந்தது. ரொபோட்டா என்றால் அந்நாட்டு மொழியில், குடியானவன் நிலப்பிரபுவுக்குக் கூலியின்றிச் செய்யக் கடமைப்பட்ட கட்டாய உழைப்பு. வெட்டி வேலை என்று நம்மவர் சொல்வதும் அதுதான். 2001இல் சுவீடனின் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனமும், 2002இல் அமெரிக்காவின் ஐரோபோட் நிறுவனமும் வீட்டுத் துப்புரவுப் பொறிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, மனிதனை அந்த வெட்டி வேலையிலிருந்து பொறி விடுவிக்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. எம் வீட்டிலோ, பொறிக்கே ஒருவர் வெட்டி வேலை செய்துகொண்டிருந்தார்.

எம் வீட்டில் மட்டும் நிகழ்ந்த தவறு என்று இதனைத் தள்ளிவிட முடியுமா? இந்நாட்டில் வீட்டுப் பணியாளரைப் பற்றி ஆங்கிலேயர் 1871இல் இயற்றிய கட்டளைச் சட்டம், அவரைப் பதிவேட்டில் குறித்து வைப்பதிலேயே கருத்தாயிருந்தது. எசமானுக்கு அவர் நம்பத்தக்கவரா என்பதே அதன் கவலை. 2016இல் நாடு முழுமைக்கும் குறைந்தபட்சச் சம்பளத்தை வகுத்த சட்டம் நிறைவேறியபோதும், வீட்டுப் பணியாளர் அதற்குப் புறம்பாகவே நிறுத்தப்பட்டனர். ஆனால் உலகம் அதற்கு முன்பே பேசியிருந்தது. 2011இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் நிறுவனம் நிறைவேற்றிய 189ஆம் இலக்கச் சமவாயம், வீட்டுப் பணியும் பணியே என்றும், வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு அவருக்கும் உரியது என்றும் கூறிற்று. வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே நடக்கும் உழைப்பைச் சட்டம் காணாதது எதனால்? அவ்வீட்டில் இருக்கும் நாமே அதைக் காணாததனாலன்றோ?

பொறியின்மேல் எமக்குப் பகையில்லை. முதுகு வளைந்து, முழங்கால் தேய்ந்து தரை துடைக்கும் வேலையை ஒரு பொறி ஏற்றுக்கொள்ளுமாயின் அதனை வரவேற்கவேண்டும். அந்த முழங்கால்கள் யாருடையவை என்பதை நாம் அறிவோம். பொறி மிச்சப்படுத்திய நேரமும் பணமும் யாரைச் சேர்ந்தன என்பதே கேள்வி. எம் வீட்டில் அவை எம்மையே சேர்ந்தன. அவருக்குக் கிடைத்தது ஐந்து நாள் கூலியின் இழப்பு.

அன்று மாலை துணைவியாரும் நாமும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பழையபடி ஆறு நாளும் வருமாறு அவரைக் கேட்டோம். அவர் சற்று யோசித்தார். "புதனும் வெள்ளியும் வெள்ளவத்தையில ஒரு வீடு புடிச்சிட்டேங்கம்மா. மத்த நாள்ல மூணு நாள் வாரேன்" என்றார். நாம் நல்லவராக மாறும்வரை அவர் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, காத்திருக்கவும் இல்லை. அது நியாயமே. மூன்று நாளுக்கான கூலியை, ஆண்டு விடுமுறையை, நோயுற்ற நாளுக்கும் கூலி உண்டு என்பதை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டோம். பொறி ஓடும் நாள்களில் தரைக்கு வேலை குறைவு. அதற்காகக் கூலி குறையாது. பொறியைக் கழுவும் வேலையை நாமே ஏற்றோம். முதல் நாள் அந்தத் துணியை அலசியபோது எமக்குக் குமட்டிற்று. 11 ஆண்டுகள் எத்தனை துணிகள்!

தனிக் கோப்பையையும் அலுமாரியிலிருந்து அகற்றிவிட்டோம். இப்போது மூவரும் மேசையில் தேநீர் அருந்துகின்றோம். வீட்டில் அந்த வாடை இல்லை. ஆனால் அவர் இன்னும் கதிரையின் விளிம்பிலேயே அமர்கின்றார். அழைப்பு வந்தால் உடனே எழுந்து ஓடுவதற்கு ஆயத்தமானவர்போல. 11 ஆண்டுப் பழக்கம் சில மாதத்தில் போய்விடாது. தேநீர் அருந்தி முடிந்ததும் கோப்பைகளை எடுத்துச் செல்ல நாம் எழுவதற்குள் அவரே எழுந்துவிடுகின்றார். எழட்டும் என்று சில நாள்களில் நாமும் அமர்ந்தே இருந்துவிடுகின்றோம். எமது பழக்கமும் இன்னும் போகவில்லை.