மூட்டைப்பூச்சியும் முழுநிலவும்

சித்ரா பௌர்ணமியன்று கன்னியாகுமரிக்குப் போயிருக்கிறீர்களா? மேற்கே சூரியன் இறங்கும்போதே கிழக்கே சந்திரன் எழும் நாள் அது. அறைக்குச் சொல்லி வைக்காமல் மட்டும் போய்விடாதீர்கள்! நான் போனேன், அதுவும் அம்மாவை அழைத்துக்கொண்டு.

அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டியே என்னைக் காலேஜில் படிக்க வைத்தவள். கடலைப் பார்த்ததேயில்லை. அன்று மாலை கடற்கரையிலும் கூட்டத்தின் தலைகளைத்தான் பார்த்தாள்.

கிடைத்தது, சந்துக்குள் ஒரு லாட்ஜ். சுவர்ச் சுண்ணாம்பை உப்புக்காற்று தின்றிருந்தது. குழாயில் தண்ணீருக்குப் பதில் பெருமூச்சு வந்தது. கட்டிலில் எங்களுக்கு முன்பே மூட்டைப்பூச்சிகள் குடியேறியிருந்தன. பத்திரிகைக்காரன் என்ற மிடுக்கோடு மானேஜரிடம் சண்டைக்குக் கிளம்பினேன்.

அம்மாவோ தலையணை உறையைப் புரட்டிப் பார்த்தாள். "ஓவர்லாக் பிரிஞ்சு போச்சு கண்ணு" என்று பையிலிருந்து ஊசி நூலை எடுத்துத் தைத்து முடித்தாள். "சண்டை என்னத்துக்கு? வா, மேல போலாம்."

மொட்டை மாடி. 133 அடி வள்ளுவருக்கு அப்பால் கடல் முழுவதும் நிலவு. அம்மா வெகுநேரம் பேசவில்லை.

"இத்தனை தண்ணிக்கும் ஒரே நெறந்தானா கண்ணு?"

சாயத் தண்ணீர் ஓடிய நொய்யலில் வேளைக்கொரு நிறம் பார்த்தவள் அவள். சாயப்பட்டறைகளை மூடும்படி ஹைகோர்ட் உத்தரவிட்டதே 2011-ல்தானே! இதைக் காட்ட எனக்கு இத்தனை வருஷமா? மூட்டைப்பூச்சி கடிக்காத இடத்தில் சுருக்கென்றது.

"அடுத்த தடவை நல்ல ஹோட்டலாப் பார்க்கிறேம்மா."

"எதுக்கு? இங்கதான் தலகாணியத் தெச்சு வெச்சிருக்கேனே!" என்றாள் அம்மா.