பிள்ளையார்பாளையத்திலிருந்து பிச்சாவரத்துக்கு

தறி ஓய்ந்திருக்கும் நாளில் பிள்ளையார்பாளையத்திலிருந்து சிதம்பரம் போனோம். மண் தலமான காஞ்சியிலிருந்து ஆகாயத் தலத்துக்கு! நடராஜரைத் தரிசித்த கையோடு ஊர் திரும்பிவிடாதீர்கள். கோயிலின் தலமரமான தில்லையைக் காடாகவே பார்க்க, பக்கத்திலேயே பிச்சாவரம் இருக்கிறது.

படகில் போகும்போது வேர்களுக்கு அடியிலுள்ள கறுப்புச் சேற்றைக் கவனியுங்கள். காற்றிலிருந்து இலைகள் எடுத்த கார்பன் அங்கேதான் சேர்கிறது. காற்று புகாத சேறு என்பதால் விழுந்த இலையும் வேரும் லேசில் மட்குவதில்லை.

இந்தக் காடும் ஒரு காலத்தில் சீரழிந்தது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து 1970கள் வரை பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். வெயில் பட்டுக் காய்ந்த மண் தொட்டிபோல அமுங்கியது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் ஆவியாகி, உப்பு ஏறி, எதுவும் முளைக்கவில்லை. சேறு காய்ந்தால் அதிலுள்ள கார்பனும் காற்றுக்கே திரும்பிவிடும்.

வெறுமனே கன்று நட்டால் போதாதே! 1990களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களோடு சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. நீர் வந்துபோகத் தொடங்கியதும் நட்ட கன்றுகள் பிடித்துக்கொண்டன. பின்னாளில், காடு எவ்வளவு கரியமில வாயுவை இழுக்கிறது, எவ்வளவு விடுகிறது என்று கோபுரம் அமைத்தே அளந்திருக்கிறார்கள்.

குழந்தைகளை மட்டும் தில்லை இலையைப் பறிக்க விடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.