ஒரு குக்கரும் ஐந்து நம்பரும்

பெட்ரோல் பங்க்கில் வண்டிக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் கூப்பனை நீட்டினான். பெயர், செல் நம்பர், வயது, கல்யாணம் ஆயிற்றா, மாதச் சம்பளம் எவ்வளவு... பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். "குலுக்கல்ல கார் விழும் சார்" என்றான். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். 2012-ம் வருஷம், ஆடி மாசம். தள்ளுபடிக்கென்றே உண்டான மாசம்!

நாலாம் நாள் போன் வந்தது. தேன் ஒழுகும் குரல். "கங்கிராட்ஸ் சார், நீங்க செலக்ட் ஆகியிருக்கீங்க!" கார் இல்லையாம். மூன்று லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அண்ணா சாலைப் பக்கம் ஒரு ஓட்டலுக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். "தொண்ணூறு நிமிஷம்தான் சார். ஆனா மேடமும் கட்டாயம் வரணும்."

ஒரு குக்கரைத் தூக்கிவர இரண்டு பேர் எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மணலி புதுநகரிலிருந்து அண்ணா சாலைக்குப் போவதென்றால் அது சும்மா இல்லை. பிராட்வே வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. நடுவில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் தேர் மாதிரி வரிசை கட்டி நிற்கும். மனைவி பட்டுப் புடவை கட்டியிருந்தாள். எங்களுக்கும் ஓட்டல் என்று ஒன்றுக்குப் போக அப்படி ஒரு சந்தர்ப்பம்.

ஹாலில் வட்ட வட்டமாக மேஜைகள். மேஜைக்கு ஒரு ஜோடி, ஒரு டை கட்டிய பையன். சினிமாப் பாட்டு காதைப் பிளந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை யாரோ மணியடிப்பார்கள். "மிஸ்டர் அண்ட் மிஸஸ் இன்னார் நம்ம குடும்பத்துல சேர்ந்துட்டாங்க!" என்று மைக்கில் அறிவிப்பு, கைதட்டல். சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் மணி. பக்கத்து மேஜையில் யாராவது "வேணாம்ப்பா" என்றால் அது நம் காதில் விழக் கூடாது. பாட்டுச் சத்தம் அதற்குத்தான் என்று இப்போது தெரிகிறது.

எங்களுக்கு வாய்த்த பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். சமோசா, காபி வரவழைத்தான். மனைவியைப் பார்த்துத்தான் பேசினான்.

"கடைசியா எப்போ மேடம் வெளியூர் போனீங்க?"

"திருச்செந்தூருக்கு. சின்னவனுக்கு மொட்டை போட."

"அது வேண்டுதல் மேடம். நான் கேக்கறது, சும்மா ரெஸ்ட் எடுக்க?"

அவள் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். எனக்கு அங்கேயே முகம் சுருங்கிவிட்டது.

"நான் எர்ணாவூர் சார். உங்க பக்கத்து ஏரியாதான்" என்று குரலைத் தாழ்த்தினான். "ராத்திரி காத்து இந்தப் பக்கம் திரும்புச்சுன்னா ஜன்னலைச் சாத்திட்டுத்தானே தூங்குவீங்க? நாங்களும் அப்படித்தான். வருஷத்துல ஏழே ஏழு நாள், மேடம் நல்ல காத்தை சுவாசிக்கட்டுமே சார்."

குறி தப்பவில்லை. தொழிற்சாலைகளுக்கு நடுவே குடியிருப்பவனிடம் காற்றை விற்கத் தெரிந்தவன் சாமானியன் இல்லை.

விஷயம் இதுதான். மலைமேல் ஒரு விடுதி. அதில் ஒரு அறையை 52 வாரமாகக் கூறு போட்டு, வாரத்துக்கு ஒருவர் என்று முன்கூட்டியே விற்றுவிடுவது. 1960-களில் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் முளைத்த யோசனை. நம் ஊருக்கும் புதுசு இல்லை. 1986-ல் சென்னையில்தான் ஸ்டெர்லிங் ஆரம்பித்தது, 1996-ல் மகிந்திரா இறங்கியது. சந்தா கட்டி வருஷம் தவறாமல் குழந்தை குட்டிகளோடு போய்வந்து சந்தோஷமாக இருப்பவர்களும் உண்டு. எங்களைக் கூப்பிட்டது இவர்கள் யாரும் இல்லை, வேறு ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம்.

விலை மூன்றரை லட்சத்தில் ஆரம்பித்தது. நான் வாயைத் திறக்குமுன் இரண்டு நாற்பது. அப்புறம் மேனேஜர் என்று ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையனைச் செல்லமாகக் கடிந்துகொண்டு, "சாரைப் பாத்தா நம்மாளு மாதிரி இருக்கார், ஒண்ணு எண்பது போடு" என்றார். "ஆனா இன்னிக்கு மட்டும். இந்தக் கதவைத் தாண்டிட்டீங்கன்னா பழைய ரேட்தான்."

பணம் இல்லை என்றேன். மாதத் தவணை இருக்கிறது என்றார். லீவு கிடைக்காது என்றேன். இந்த வருஷ வாரத்தை அடுத்த வருஷத்தோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றார். நான் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு பிளாஸ்டிக் உறை போட்ட தாள் இருந்தது. கடைசி அஸ்திரமாக, "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றேனே" என்றேன்.

"மேடம் இங்கேதானே சார் இருக்காங்க? பேசுங்க, நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்கறோம்!"

மேடம் ஏன் கட்டாயம் வரணும் என்பது அப்போதுதான் புரிந்தது.

தொண்ணூறு நிமிஷம் என்றது இரண்டே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு சமோசா சாப்பிட்டாயிற்று. ஒருவர் வீட்டில் கை நனைத்துவிட்டு எப்படி முகத்தில் அடித்த மாதிரி சொல்வது? அதோடு அந்தத் திருச்செந்தூர் வேறு உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. முன்பணம் இருபதாயிரம் போதும் என்றார்கள். நான் பர்ஸிலிருந்து கார்டை எடுத்தேவிட்டேன்.

"ஏங்க, தண்ணி லாரி வர்ற நேரம். எழுந்திரிங்க" என்றாள் மனைவி.

மேனேஜர் அவளைப் பார்த்தார். தவணைக்குத் தாள் இருந்தது, லீவுக்குத் தாள் இருந்தது. தண்ணி லாரிக்கு இல்லை. அவள் பதில் எதிர்பார்க்காமல் நடக்க ஆரம்பித்துவிட்டாள். எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை லாரி வராது என்பது அவளுக்கும் எனக்கும்தான் தெரியும்.

வாசலில் குக்கர் கவுன்ட்டர். அங்கே இருந்த பெண், "அஞ்சு ஃப்ரெண்ட்ஸ் நம்பர் எழுதினாத்தான் சார் கிஃப்ட்" என்றாள். இவ்வளவு நேரம் உட்கார்ந்ததற்கு வெறுங்கையோடு போவதா? செல்லைப் பார்த்து மளமளவென்று எழுதினேன். மூன்றாவது நம்பர் எதிர்வீட்டு அண்ணனுடையது.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் மூளை வேலை செய்தது. கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன் நான். ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை பாங்கில் போட்டால், அன்றைய ஒன்பது சதவீதத்துக்கு வருஷம் 16,200 ரூபாய் வட்டி. அது போக, விடுதிக்குப் பராமரிப்புக் கட்டணம் என்று வருஷம் 8,000. ஆக, ஏழு ராத்திரிக்கு 24,200. ஒரு ராத்திரிக்கு ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூறு. சாப்பாடும் பஸ்ஸும் தனி. அந்த வட்டிப் பணத்திலேயே நல்ல லாட்ஜாகப் பார்த்துத் தங்கிவிட்டு வரலாம், முதல் அப்படியே இருக்கும். இந்தக் கணக்கு ஒரு நிமிஷ வேலை. அந்த ஹாலில் எனக்கு அந்த ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை.

"எனக்கு மலை பிடிக்காமலா எழுந்து வந்தேன்?" என்றாள் மனைவி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே. அடுத்த மாசமே ஏற்காட்டுக்கு டிக்கெட் போட்டேன்.

ஐப்பசியில் எதிர்வீட்டு அண்ணன் மைசூர்பாகோடு வந்தார். ஹார்பரில் முப்பத்து மூன்று வருஷம் கிரேன் ஓட்டி அந்த வருஷம்தான் ரிட்டயர் ஆகியிருந்தார். "தம்பி, இனிமே வருஷா வருஷம் நானும் உங்க அண்ணியும் ஊட்டி!" என்றார். வந்த பணத்தில் ஒண்ணு எண்பதை மொத்தமாகக் கட்டிவிட்டார். மைசூர்பாகு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

மே மாசம் பேரப்பிள்ளைகளோடு போகலாம் என்று கேட்டார், இடமில்லை. அவர் வாங்கியிருந்த சீசனுக்கு ஒரு நிறம் உண்டாம். அந்த நிறத்துக்கு மே மாசம் கிடையாதாம். ஆகஸ்ட்டில் கேட்டார், அதுவும் நிரம்பிவிட்டது. பராமரிப்பு பில் மட்டும் தவறாமல் வந்தது. 2014-ல் சென்னை நுகர்வோர் மன்றத்தில் மனுக் கொடுத்தோம். எழுத்து வேலையெல்லாம் நான்தான். பரிகாரம் மாதிரி செய்தேன். இரண்டு வருஷம் கழித்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்குள் கம்பெனி ஆபீஸ் இருந்த மாடியில் வேறு யாரோ டியூஷன் சென்டர் நடத்திக்கொண்டிருந்தார்கள். அனுப்பிய தபால் அப்படியே திரும்பி வந்தது.

ஐரோப்பிய நாடுகளில் இதற்கென்று 2009-ல் சட்டம் போட்டார்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் 14 நாள் மனசு மாறலாம், அந்த 14 நாளும் விற்றவர் ஒரு பைசா முன்பணம் வாங்கக் கூடாது. நம் நாட்டில் இந்த வியாபாரத்துக்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை. சில கம்பெனிகள் தாமாகவே பத்து நாள் கொடுக்கின்றன. அது ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் எங்காவது இருக்கும், நாள் தாண்டுமுன் எழுத்தில் கேட்க வேண்டும். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புது நுகர்வோர் சட்டத்தில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 1915 என்ற எண்ணில் முதலில் புகார் சொல்லிப் பார்க்கலாம். இதெல்லாம் அண்ணனுக்கு உதவாத காலத்தில் வந்தவை.

கடைசித் தபாலும் திரும்பி வந்த அன்றைக்கு, விசாரித்துவிட்டு இருவரும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். எம்.எஃப்.எல். பக்கத்தில் கண்டெய்னர் வரிசை. பஸ் நின்றுவிட்டது. நாலு வருஷமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, உங்க நம்பரை அவங்களுக்குக் குடுத்தது நான்தான்."

"தெரியும் தம்பி. முதல் போன்லயே உன் பேரைச் சொன்னாங்க. நீ குடுத்த நம்பர்னுதான் நம்பிப் போனேன்."

கொஞ்ச தூரம் பஸ் ஊர்ந்தது.

"நீ ஏன் சேரலைன்னு அன்னிக்கே கேக்கணும்னு நெனச்சேன். உனக்குக் கையில காசு இல்லை போலிருக்கு, கேட்டா சங்கடப்படுவியேன்னு விட்டுட்டேன்" என்றார் அண்ணன்.