கைமாறும் நூல்கள்

நுழையும்முன்

பஞ்சு இழையாகி, இழை துணியாகி, துணி ஆடையாகிக் கடல் கடக்கும் ஊர் திருப்பூர். அங்கு ஒரு நூல் ஊருக்குச் சோறு போடுகிறது. மற்றொரு நூல் பல வீடுகளின் அலமாரிகளில் உறங்குகிறது. உறங்கும் நூலை எழுப்பும் எளிய வழி ஒன்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பஞ்சும் பனுவலும்

இழைக்கும் புத்தகத்திற்கும் தமிழில் ஒரே பெயர் அமைந்தது தற்செயலன்று. நன்னூலின் பொதுப்பாயிரம் அதற்குக் காரணம் கூறுகிறது. சொல் பஞ்சு, செய்யுள் இழை, நூற்கும் பெண் புலவன், அவள் கை புலவனது வாய், சுழலும் கதிர் அவனது அறிவு. மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைப் புத்தகம் தீர்க்கும் என்றும் அப்பாயிரம் உரைக்கிறது. அதனை இயற்றிய பவணந்தி முனிவரைக் கொங்கு நாட்டுச் சீனாபுரத்தவர் என்பர். இராட்டையின் ஒலி கேட்ட மண்ணில் இவ்வுவமை பிறந்தது பொருத்தமே.

பூட்டிய அலமாரி

வழங்காத பொருள் வீணாகும்; நூலும் அத்தகையதே. ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையர், கறையான் அரித்த சுவடிகளையும், ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட சுவடிகளையும் பற்றி வருந்தி எழுதியுள்ளார். 1887-இல் அவர் சீவக சிந்தாமணியை அச்சேற்ற முடிந்ததற்கு, தம்மிடமிருந்த ஏடுகளைப் பிறர் மனமுவந்து கொடுத்ததும் ஒரு காரணம். கொடுக்கும் கை இல்லையேல் பதிப்பிக்கும் கை என்ன செய்யும்?

சீர்காழியில் பிறந்த நூலகவியலறிஞர் சீ. இரா. அரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவதாக ‘நூல்கள் பயன்பாட்டிற்கே’ என்னும் கருத்தை வைத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பன அடுத்த இரண்டு. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி ஒன்று நூல்களைச் சுமந்து சிற்றூர்களுக்குச் சென்றது. வாசகர் வர இயலாதபோது நூல் நடந்து சென்றது.

ஞாயிறு மாலை

பனியன் கம்பெனியில் நாள் முழுவதும் நின்றும் குனிந்தும் உழைப்பவருக்கு ஓய்வு ஞாயிறு ஒன்றே. நூலகம் திறந்திருக்கும் நேரமும் ஷிப்ட் நேரமும் பலருக்கு ஒத்துவருவதில்லை. புதுப் புத்தகத்தின் விலையோ அரிசி, வாடகை, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்குப் பின்னே வரிசையில் நிற்கிறது. மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஒரே லைன் வீட்டில் வாழ்ந்தும் ஒருவர் பெயரை மற்றவர் அறியாதிருப்பதுண்டு. இத்தகைய ஊருக்கே நூல் பரிமாற்ற விருந்து மிகவும் தேவைப்படுகிறது.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு மொட்டைமாடி, ஒரு பாய், பத்து நண்பர்கள், சுண்டல், தேநீர் போதும். ஒவ்வொருவரும் தாம் படித்து முடித்த இரண்டு நூல்களைக் கொண்டுவருவர். கொண்டுவந்த எண்ணிக்கைக்கு ஏற்பச் சீட்டுப் பெறுவர். பின்னர் ஒவ்வொருவரும் தம் நூலைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவர். கதையின் முடிவைச் சொல்லலாகாது என்பது மட்டுமே கட்டுப்பாடு. அதன்பின் சீட்டைக் கொடுத்து விரும்பிய நூலை எடுத்துக்கொள்வர். எஞ்சியவை அடுத்த மாத விருந்துக்குக் காத்திருக்கும்.

இரவலும் பரிமாற்றமும்

இரவல் கொடுத்த நூல் திரும்பாமையால் முறிந்த நட்புகள் பல. கேட்கக் கொடுத்தவர் கூசுவார். வாங்கியவர் முகம் மறைப்பார். பரிமாற்றத்தில் இத்துன்பம் இல்லை. கொடுத்தவரும் பெற்றவரே, பெற்றவரும் கொடுத்தவரே. பழைய புத்தகக் கடையில் வாங்கிய அட்டை கிழிந்த நாவலுக்கும், புத்தகத் திருவிழாவில் வாங்கிய புத்தம்புது நூலுக்கும் ஒரே சீட்டுத்தான். மேலாளரும் செக்கிங் பிரிவுப் பெண்ணும் அங்குச் சமமாக அமர்வர்.

நூலே இல்லாதவர் என்செய்வது? இவ்வினாவுக்கு விடை காணாத விருந்து, வசதியுள்ளோர் கூட்டமாகச் சுருங்கிவிடும். எனவே கதை சொல்பவருக்கும் ஒரு சீட்டு வழங்க வேண்டும். எழுத்தறியாத மூதாட்டி தம் ஊர்க் காவல் தெய்வத்தின் கதையைச் சொன்னால் அதுவும் ஒரு நூலே. அச்சீட்டால் அவர் பெறும் படக்கதையைப் பேரன் படித்துக் காட்டுவான்.

விருப்பமான நூலைப் பிரிவது எளிதன்று. மீண்டும் மீண்டும் படிக்கும் நூலை வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால், ஒருமுறை படித்தபின் தூசியைத் தவிர வேறெவரும் தொடாத நூல் தனக்குரிய அடுத்த வாசகரைத் தேடிக்கொண்டிருக்கிறது.

தெரியுமா?

2009-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஹட்சன் நகரில், டாட் போல் என்பவர் தம் வீட்டின் முன் சிறிய மரப்பெட்டி ஒன்றில் நூல்களை வைத்தார். வேண்டியதை எடுக்கலாம், விரும்பியதை வைக்கலாம். அப்பெட்டியின் வழியில் உலகின் பல நாடுகளில் இன்று சிறு இலவச நூலகங்கள் இயங்குகின்றன.

பெயர்கள் எழுதும் பக்கம்

பரிமாற்றத்திற்கு வரும் நூலின் முதற்பக்கத்தில், படித்தவர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் நாளையும் எழுதுவது நல்ல வழக்கம். ஓர் ஆடை உருவாக நிட்டிங், சாயம், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் எனப் பல கைகள் உழைக்கின்றன. ஆயினும் அதன் கழுத்துப்பட்டியில் உழைத்தவர் பெயர் எதுவும் இருப்பதில்லை. கைமாறும் நூலிலோ, அதைத் தாங்கிய கைகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். புதிதாகப் பெறுபவர், தமக்கு முன் அதே பக்கங்களைப் படித்தவர் அடுத்த தெருவில்தான் வாழ்கிறார் என்பதை அங்கே அறிவார்.