தொட்டுப் பார்க்கிற வேலை

நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் ஆயாக்கள் எல்லோரும் சேரிப் பொம்பளைங்கதான். சமையல்கட்டுக்குள் எங்களை விடுவதில்லை. ஆனால் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவர்களின் உடம்பு முழுக்க எங்க கையில்தான். காலையில் துடைத்துவிடும்போதே பின்மண்டை, முதுகு, இடுப்பு, குண்டிக்கு மேலே, குதிகால் என்று ஒவ்வொன்றாய்ப் பார்க்கணும். எலும்பு அழுத்துகிற இடத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டால் தோல் செத்துப்போகும். அதுதான் படுக்கைப்புண். அது வராமலிருக்கத்தான் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கிறோம்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்து, வெளுக்காவிட்டால் அது முதல் கட்டம் என்கிறது நர்ஸுகளின் பாடம். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதின பாடம். நம்ம கறுப்புத் தோலில் சிவப்பு எங்கே தெரியுது? புறங்கையை வைத்துப் பார்க்கணும். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ சில்லென்றோ, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருந்தால் உள்ளே புண் கிளம்பியாச்சு. கண்ணை மட்டும் நம்பினால் தோல் கிழிந்த பிறகுதான் தெரியும்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் 17ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. இங்கே, சமையல்காரம்மா கொடுத்தால்தான் தண்ணி குடிப்பேன் என்கிற பாட்டிகூட, நான் கை வைத்ததும் ‘அங்கதான்டி வலிக்குது’ என்று என் கையைப் பிடித்துக்கொள்ளும்.

கண்டுபிடிக்கிறது நாங்க. ரிஜிஸ்டரில் எழுதுவது நர்ஸ். புண் வந்துவிட்டால் மட்டும் ‘ஆயா சரியாப் பாக்கல’ என்று எங்க தலையில் விழும். நான் பத்தாவது வரை படித்தவள். தொட்டுத் தெரிந்துகொள்கிறதும் படிப்புதான். நாங்க பார்த்ததை அந்த ரிஜிஸ்டரில் எங்க பேர் போட்டு நாங்களே எழுதணும். அந்தப் படிப்புக்கு உண்டான கூலியும் வேணும்.